ஹோம் தியேட்டர்: எது விலை இறங்கும், எது இறங்காது, எந்த வரிசையில் வாங்குவது

1997-இல் பிலிப்ஸ் நிறுவனம் 42 அங்குல பிளாஸ்மா டிவியை அமெரிக்கக் கடைகளில் வைத்தபோது விலை சுமார் 15,000 டாலர். அந்தத் தலைமுறைப் பிளாஸ்மா திரைகளில் இருந்தது 852க்கு 480 புள்ளிகள்தான். இன்று தெருமுனைக் கடையில் கிடைக்கும் 32 அங்குல டிவியிலேயே 1366க்கு 768 புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அதே 1997-இல் வாங்கிய ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கர், கூம்பின் ரப்பர் விளிம்பு கெடாமல் இருந்தால், இன்றும் அன்று போலவே பாடும். அந்தத் தரத்தில் புது ஜோடி தேடினால் மலிவாகக் கிடைக்காது.

"விலை இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சு ஹோம் தியேட்டரில் பாதிச் சாமானுக்குத்தான் பொருந்தும். சிலிக்கானிலும் கண்ணாடியிலும் செய்தவை இறங்கும். செம்பு, காந்தம், மரப்பலகை, கொத்தனார் கூலி இவற்றால் ஆனவை இறங்காது, வருடாவருடம் ஏறும். அதனால் முதலில் அறையும் வயரும், பிறகு ஸ்பீக்கர், அதன் பின் ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்), கடைசியில்தான் திரை என்று போவது சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய டிவியை வாங்கி மாட்டிவிட்டு, மீந்த காசில் ஒரு சவுண்ட்பார். ஐந்து வருடத்தில் டிவி பழசாகிவிடும், சுவருக்குள் ஒரு வயரும் இருக்காது.

கீழே உள்ள கணக்குகள் 12க்கு 16 அடி அறை, 10 அடி உயர கான்கிரீட் கூரை, இரண்டரை லட்சம் ரூபாய் அளவு பட்ஜெட் என்று வைத்துக்கொண்டு போட்டவை. அந்தப் பணத்தைப் பிரிக்கச் சொன்னால் நாங்கள் பிரிப்பது இப்படி: அறை வேலையும் வயரும் 40,000, ஸ்பீக்கரும் சப் ஊஃபரும் (அடிமுழக்கத்துக்கான பெட்டி) 95,000, ரிசீவர் 45,000, திரைக்கு 70,000.

இறங்குமா, இறங்காதா: எப்படிக் கணிப்பது

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவியைப் பாருங்கள். 2007 கடைசியில் சோனி ஜப்பானில் விற்றது 11 அங்குலம், விலை 2 லட்சம் யென். 2013-இல் எல்ஜியின் 55 அங்குலம் அமெரிக்காவில் 15,000 டாலர். 2021-இல் அதே அளவு 1,500 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) புரொஜெக்டர் இன்னும் வேகம். சோனியின் முதல் வீட்டு 4கே புரொஜெக்டர் 2012 வாக்கில் 25,000 டாலர். 2018-இல் பென்க்யூ 1,500 டாலருக்கு ஒன்றைக் கொடுத்தது. அதில் ஒரு தந்திரம் உண்டு. உள்ளே இருப்பது 1920க்கு 1080 கண்ணாடிகள் கொண்ட சின்ன சிப். அது ஒவ்வொரு காட்சியையும் மிக வேகமாக நான்கு முறை இடம் நகர்த்திக் காட்டி 4கே ஆக்குகிறது. விலை இறங்குவது பல நேரம் இப்படித்தான்: அதே பொருளை மலிவாகச் செய்வதால் அல்ல, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத வேறொரு பொருளைச் செய்வதால்.

எல்சிடி டிவி இறங்கியதற்குக் காரணம் கண்ணாடி வெட்டும் கணக்கு. 8.5 தலைமுறை என்று சொல்லும் ஆலைகளில் ஒரு தாய்க்கண்ணாடி 2200க்கு 2500 மில்லிமீட்டர். அதில் 55 அங்குலம் ஆறு வெட்டலாம், 65 என்றால் மூன்றுதான். 2017 கடைசியில் சீனாவின் பிஓஇ நிறுவனம் 10.5 தலைமுறை ஆலையைத் தொடங்கியது. அங்கே கண்ணாடி 2940க்கு 3370. 65 அங்குலம் எட்டு, 75 அங்குலம் ஆறு. தையல்காரர் துணி மிச்சமில்லாமல் வெட்டுவது போலத்தான். டிவி வாங்கும்போது 55, 65, 75 இந்த அளவுகளிலேயே காசுக்கு அதிகத் திரை கிடைப்பது இதனால்தான்.

மைக்ரோ எல்இடி இன்னும் இறங்காததற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு மூன்று நிறம். ஆக ஏறக்குறைய இரண்டரைக் கோடி நுண்விளக்குகளை இடம் மாற்றிப் பதிக்க வேண்டும், ஒன்று பழுதானாலும் கண்ணில் படும். 2023-இல் சாம்சங் இந்தியாவில் விற்பனைக்கு வைத்த 110 அங்குல மைக்ரோ எல்இடியின் விலை 1 கோடியே 14 லட்சத்து 99 ஆயிரம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

சந்தையிலிருந்தே செத்துப்போனவையும் உண்டு. 2010-இல் எல்லாக் கடையிலும் முழங்கிய 3டி டிவியை 2017-இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டன. பிளாஸ்மா செய்வதை பானசோனிக் 2013-இல் நிறுத்தியது. ப்ளூரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடி வட்டை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைகழுவியது. ஒரு புதுத் தொழில்நுட்பத்தைப் பார்த்தால் நான்கு விஷயம் கேளுங்கள். ஒரே கம்பெனி மட்டும் செய்கிறதா, பலர் செய்கிறார்களா? ஏற்கெனவே ஓடும் ஆலையில் செய்ய முடியுமா? அதன் சிப் போனிலும் கம்ப்யூட்டரிலும் பயன்படுகிறதா? அதற்கென்று எடுத்த படம் நம் கைக்கு வருகிறதா? 4கேயைப் போல நான்கு மடங்குப் புள்ளிகள் கொண்ட 8கே, நான்காவதில் கோட்டைவிடும். 65 அங்குலத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 4கேயின் நுணுக்கத்தையே கண் முழுதாகப் பிடிப்பதில்லை.

ஒன்று மட்டும் தொழில்நுட்பத்தில் சேராதது: வரி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் புரொஜெக்டருக்கும் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. ஒரே நாளில் வந்த அந்த இறக்கம், ஒரு வருடம் காத்திருந்தால் வருவதற்குச் சமம்.

அறை: நீள அகலம் பார்த்து, சுவரை அடக்கி

பத்துக்குப் பத்து அடி அறை, கூரையும் பத்தடி என்றால் தியேட்டருக்கு எடுக்காதீர்கள். அறையின் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு முழங்கும் சுரம் உண்டு: 172-ஐ மீட்டர் நீளத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். 16 அடிக்கு 35, 12 அடிக்கு 47, 10 அடிக்கு 56. இவை தனித்தனியாக இருந்தால் சமாளிக்கலாம். மூன்று பக்கமும் பத்தடி என்றால் மூன்றும் 56-இல் வந்து குவியும். அந்த ஒரு சுரம் மட்டும் பானைக்குள் அடித்தது போல் இரையும்.

நம் வீடுகளில் தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ், சுவர் வழவழப்பு, கூரை கான்கிரீட். அறை நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள். "டிர்ர்" என்று உலோகச் சத்தம் தொடர்ந்தால் வசனம் புரியாது. எவ்வளவு விலை ஸ்பீக்கர் வைத்தாலும் புரியாது. முட்டை அட்டையை ஒட்டுவதில் பயனில்லை. கடையில் விற்கும் ஒரு அங்குலக் கூர்முனை ஃபோம், உச்ச சுரத்தை மட்டும் விழுங்கிவிட்டு அடித்தொண்டை முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். சுவர் முழுக்க அதை ஒட்டியவர்களின் அறையில் பெண் குரல் மங்கியும் பறை மட்டும் ஓங்கியும் கேட்பது இதனால்தான்.

வேலை செய்வது ராக்வுல் பலகை. ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 2 அங்குல கனம், 4க்கு 2 அடி அளவில் எட்டுப் பலகை போதும். சட்டத்தில் பொருத்தி, சுவருக்கும் பலகைக்கும் இடையே இன்னும் 2 அங்குல இடைவெளி விட்டு மாட்டினால் அதே பலகை இன்னும் கீழ்ச் சுரம் வரை பிடிக்கும். சட்டத்துக்குச் சாதா மரம் போட்டால் இரண்டு வருடத்தில் கரையான் வந்துவிடும். மருந்தடித்த மரம் அல்லது அலுமினியம் போடுங்கள். ராக்வுல்லை முதலில் மெல்லிய நெய்யாத துணியில் சுற்றி, அதன் மேல் பருத்தித் துணி. துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, மூச்சு தடையில்லாமல் போனால் சரியான துணி. வேலை செய்யும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அரிப்பு இரண்டு நாள் போகாது.

எங்கே மாட்டுவது? உட்காரும் இடத்தில் ஒருவர் இருக்கட்டும். இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம் எதுவோ, அங்கே ஒரு பலகை. இரண்டு பக்கச் சுவரிலும் இப்படி நான்கு, பின்சுவரில் இரண்டு, முன்மூலைகளில் ஒவ்வொன்று. முன்னால் தரையில் கனமான ஜமுக்காளமோ கம்பளமோ விரியுங்கள்.

இந்தப் பலகைகள் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. அது வேறு வேலை: உள்ளே வெற்றிடமில்லாத கனமான கதவு, நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, கதவடியில் சீல், ஏசி குழாய் போகும் துளைக்கு அடைப்பு. இவ்வளவு செய்தும் சப் ஊஃபரின் முழக்கம் தளத்தின் வழியே போகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரவு பத்துக்கு மேல் ரிசீவரில் உள்ள இரவு மோடைப் போட்டுவிடுவதே நட்புக்கு நல்லது.

பைப்பும் வயரும்: இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்

இன்றைக்கு ஐந்து ஸ்பீக்கர்தான் வாங்கப்போகிறீர்கள் என்றாலும் பதினொன்றுக்கு வயர் இழுத்துவிடுங்கள்: முன்னால் மூன்று, பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு, கூரையில் நான்கு. ரேக் (ரிசீவர் வைக்கும் அலமாரி) முன்சுவரில் இருந்தால், முனைகளில் விடும் உபரியோடு மொத்தம் சுமார் 110 மீட்டர் இரட்டை வயர் ஆகும். 100 மீட்டர் சுருள் ஒன்று போதாது. காடி வெட்டிப் பூசிய பிறகு இன்னொரு வயர் சேர்ப்பதென்றால் மேஸ்திரி, பட்டி, பெயின்ட் எல்லாம் மறுபடி.

வயர் 1.5 அல்லது 2.5 ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்பு. 2.5-இல் பத்து மீட்டர் போய் வந்தால் மின்தடை 0.14 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமில்லை. இதற்கு மேல் தடிமனோ, மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிளோ காதுக்கு எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் கடைகளில் செம்புப் பூச்சுப் போட்ட அலுமினிய வயர் ஏராளம். இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் மல்டிமீட்டர் வையுங்கள்: 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு 100 மீட்டருக்கு 0.7 ஓம் காட்ட வேண்டும். 1 ஓமைத் தாண்டினால் அலுமினியம். மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவைத்து வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல வயரும் கெட்டதாகத் தெரியும்.

படமும் ஒலியும் போகும் எச்டிஎம்ஐ கேபிளுக்கு எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் அங்குல பைப் உதவாது. பிளக்கின் தலையே அதில் நுழையாது. ஒன்றரை அங்குல பைப் போட்டு, திருப்பங்களில் எல்போ இல்லாமல் நீண்ட வளைவுப் பெண்டு வையுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறை நிரந்தரமாக விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் பத்து வருடத்தில் இரண்டு முறையாவது மாறும் பொருள். செம்பு எச்டிஎம்ஐ 5 மீட்டர் வரைதான் 4கேக்கு நம்பகம். புரொஜெக்டர் வரை 10 மீட்டர், 15 மீட்டர் என்றால் ஒளியிழைக் கேபிள் வாங்க வேண்டும். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் ரிசீவர் பக்கம், மறுமுனையில் திரைப் பக்கம் என்று அச்சிட்டிருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் படம் வரவே வராது. பைப்பில் நுழைப்பதற்கு முன் தரையில் விரித்து இரண்டு முனையையும் செருகிச் சோதியுங்கள். கூடவே இன்டர்நெட்டுக்கு கேட்6 கேபிள் இரண்டு, சப் ஊஃபருக்கு இரண்டு இடத்துக்கு ஆர்ஜி6 கேபிள்.

மின்சார பைப்பும் ஸ்பீக்கர் பைப்பும் ஒரே காடியில் ஓடக் கூடாது. ஒரு அடி தள்ளி ஓடட்டும். குறுக்கே போக வேண்டி வந்தால் நேர்கோணத்தில் தாண்டட்டும்.

டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்சுப் பெட்டி) தியேட்டருக்கென்று தனியாக ஒரு 16 ஆம்பியர் எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்), 4 ஸ்கொயர் எம்எம் லைன். ரிசீவர், சப் ஊஃபர், டிவி எல்லாம் அந்த ஒரே லைனில், ஒரே எர்த்தில். "ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல் வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் எர்த் இரண்டு வழியில் சுற்றுவது. கேபிள் டிவி வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான், அந்த வயரில் எர்த் சுற்றைத் துண்டிக்கும் ஒரு ஐசோலேட்டர் போட்டால் தீரும். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சலை நிறுத்தும் வைத்தியம் ஆளைக் கொல்லும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் லைனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரிசீவர் உறுமும், சூடாகும். இடி மழைக்கு டிபி பாக்ஸில் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் உதவும், ஆனால் மின்னல் மின் லைன் வழியாக மட்டுமா வருகிறது? கேபிள் வயர், டிஷ் வயர், இன்டர்நெட் வயர் எல்லாம் வழிதான். ஐப்பசி மழையில் எச்டிஎம்ஐ போர்டு போய் வரும் டிவிகளில் பல, பிளக்கைக் கழற்றிவிட்டு டிஷ் வயரைக் கழற்ற மறந்தவை.

ஸ்பீக்கரும் ரிசீவரும்

16 அடி நீளத்தில் திரையிலிருந்து பத்தரை அடியில் உட்காருங்கள். முதுகைச் சுவரில் ஒட்டி சோபா போடாதீர்கள். சுவரோரம் முழக்கம் இரட்டிப்பாகும், பின் ஸ்பீக்கருக்கும் இடமிருக்காது. முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு 22 முதல் 30 பாகை. பத்தரை அடியில் அது நடுவிலிருந்து இருபுறமும் நாலேகால் முதல் ஆறடி. 12 அடி அகலத்தில் ஆறு என்றால் சுவரில் இடிக்கும், ஆகவே நாலரையில் வையுங்கள். ட்வீட்டர் (உச்ச சுரம் பாடும் சின்ன ஸ்பீக்கர்) உட்கார்ந்த காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூணேகால் அடி.

பக்க ஸ்பீக்கரைக் கூரையோரம் மாட்டுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. டால்பி அட்மாஸில் உயரத்துக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்கிறது. பக்கத்து ஸ்பீக்கரும் மேலே போய்விட்டால் இரண்டும் ஒன்றாகி, தலைக்கு மேல் போகும் ஹெலிகாப்டர் காணாமல் போய்விடும். 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர்) பக்க ஸ்பீக்கர்கள் காது உயரத்திலோ சற்று மேலோ, 110 முதல் 120 பாகையில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். கூரை ஜோடி தலைக்கு நேர் மேலே அல்லது ஓரடி முன்னால். கான்கிரீட் கூரையில் குழி வெட்ட முடியாது. சின்ன ஸ்பீக்கரை பிராக்கெட்டில் தொங்கவிடுவதே போதும். ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஜிப்சம் பலகை கடகடக்காதபடி 20 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ.

வாட் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிஎம்பிஓ என்று அட்டையில் ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆர்எம்எஸ் வாட்டையும் (தொடர்ந்து தரும் வாட்) ஸ்பீக்கரின் உணர்திறன் டெசிபலையும் (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம்) பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் ஒலியை 91 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும். சப் ஊஃபர் 12 அங்குலம் ஒன்று. பின்னால் காசு வந்தால் இரண்டாவது. அதை வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, முதலில் சப் ஊஃபரையே சோபாவில் ஏற்றி வைத்து, தொடர் முழக்கமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, முட்டி போட்டுச் சுவரோரமாக ஊர்ந்து போங்கள். எங்கே முழக்கம் சீராகவும் திடமாகவும் கேட்கிறதோ அதுவே சப் ஊஃபரின் இடம். பார்க்கிறவர் சிரிப்பார், பரவாயில்லை.

ரிசீவர் இறங்குவதற்கும் இறங்காததற்கும் இடைப்பட்ட ஜந்து. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்க்கும் இருப்பதால் டிவி போல விலை இறங்குவதில்லை, சிப்புகள் இருப்பதால் வேகமாகப் பழசாகிறது. ஆகவே முந்தைய ஆண்டு மாடலை வாங்குவதே லாபம். ஏழு சேனல் இருந்தால் 5.1 உடன் கூரை ஜோடி ஓடும். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழையது பார்த்தால், எச்டிசிபி 2.2 (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு) உண்டா என்று மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் 4கே ஓடிடி கறுப்புத் திரையாகத்தான் வரும். எல்லா எச்டிஎம்ஐ துளையிலும் செருகிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் பின்பக்க எழுத்தைப் படியுங்கள்: ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் 230-இல் நேராகச் செருகினால் ஒரு நொடிதான். ஷோகேஸுக்குள் பூட்டி வைக்காதீர்கள், மேலே பத்து சென்டிமீட்டர் காற்றுவெளி வேண்டும், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்கக் கூடாது.

கடைசியில் திரை

முப்பது பாகைக் கோணம் கிடைத்தால் படம் பார்க்கலாம், நாற்பது பாகை கிடைத்தால் தியேட்டர். திரையின் அகலத்தை 1.4 ஆல் பெருக்கினால் கிட்டத்து எல்லை, 1.9 ஆல் பெருக்கினால் தூரத்து எல்லை. 65 அங்குலத்தின் அகலம் 144 சென்டிமீட்டர். அதற்குச் சரியான தூரம் ஆறரை முதல் ஒன்பது அடி. 85 அங்குலத்துக்கு எட்டரை முதல் பதினொன்றரை. 100 அங்குலத்துக்குப் பத்து முதல் பதிமூன்றரை. அப்படியென்றால் பத்தரை அடியில் உட்காருபவருக்கு 65 அங்குலம் சின்னதுதான். அகலத்திரைப் படமானால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, 65 அங்குலத்தில் படத்தின் உயரம் 60 சென்டிமீட்டர்தான் மிஞ்சும்.

பகலில் ஹாலில், விளக்கு எரிய, எல்லாரும் நடமாட, செய்தியும் சீரியலும் பார்ப்பதென்றால் டிவி. அதிலும் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டில் ஓஎல்இடி வேண்டாம். ஒரே இடத்தில் நிற்கும் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும். இரவில் இருட்டறையில் படம் மட்டும் என்றால் புரொஜெக்டருக்கு இணை இல்லை, அதே காசில் டிவியால் 100 அங்குலம் தர முடியாது.

புரொஜெக்டரில் பொய் அதிகம். அட்டையில் "4கே சப்போர்ட்", "9000 லூமன்" என்று இருக்கும். 4கே சப்போர்ட் என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நேட்டிவ் என்ற வரியில் 1280க்கு 720 என்றிருந்தால் காட்டுவது அதைத்தான். லூமன் என்ற வெளிச்ச அளவுக்கு முன்னால் ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ (அளக்கும் தரநிலைகள்) என்று இல்லாத எண்ணை எண்ணாகவே மதிக்காதீர்கள். 100 அங்குலத் திரை 2.75 சதுர மீட்டர். கும்மிருட்டில் சினிமா அளவு வெளிச்சத்துக்கு நிஜமான 450 லூமன் போதும். ஆனால் நல்ல நிறம் தரும் மோடில் புரொஜெக்டர் தன் எண்ணில் பாதிதான் தரும், விளக்கும் போகப்போக மங்கும். ஆகவே 1,500 முதல் 2,000 ஆன்சி லூமன். ஜன்னல் வெளிச்சத்தை லூமனால் வெல்ல முடியாது, திரைச்சீலையால்தான் முடியும். கறுப்பை எந்தப் புரொஜெக்டராலும் வீச முடியாது, அந்த வெளிச்சத்தில் கறுப்பு என்பது உங்கள் சுவரின் நிறம்தான்.

அடுத்தது ஃபேன். த்ரோ ரேஷியோ (லென்ஸின் தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.2 என்றால் 2.21 மீட்டர் அகலத் திரைக்கு 2.66 மீட்டர், அதாவது எட்டே முக்கால் அடி, 1.5 என்றால் பதினோரடி. 16 அடி அறை நடுவில் தொங்கும் 48 அங்குல ஃபேனின் இறக்கை திரையிலிருந்து ஆறாவது அடி முதல் பத்தாவது அடி வரை சுற்றும். கூரையில் மாட்டிய புரொஜெக்டரின் ஒளி நேராக அதில் வெட்டுப்படும். வாங்கும் முன் லென்ஸ் வரும் இடத்தில் ஒரு நூலைப் பிடித்து, திரையின் மேல் மூலைகள் இரண்டுக்கும் இழுத்துப் பாருங்கள். இறக்கை வட்டத்தைத் தொட்டால் ஃபேனை பின்பக்கம் நகர்த்துங்கள், அல்லது நீளமான பிராக்கெட் போட்டு லென்ஸை இறக்கைக்குக் கீழே கொண்டுவாருங்கள். சாய்த்து வைத்து, கோணலை நிமிர்த்தும் கீஸ்டோன் வசதியைப் போட்டுச் சரிசெய்வது கடைசி வழி. புள்ளிகள் வீணாகும், எழுத்து மங்கும்.

சுவரடியிலிருந்தே படம் வீசும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ அழகானதுதான். ஆனால் ஒளி சுவரை உரசிக்கொண்டே போவதால் கொத்தனார் விட்ட ஒவ்வொரு மேடுபள்ளமும் படத்தில் அலையாகத் தெரியும். அதற்கென்று உள்ள இறுக்கமான திரையின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். சாதாரண புரொஜெக்டருக்குத் திரை உடனே தேவையில்லை. சுவரில் பட்டி பார்த்து, நைஸாகத் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். சுற்றிலும் மூன்று அங்குலக் கறுப்பு வெல்வெட் பட்டை. மீதிச் சுவரும் முன்பாதிக் கூரையும் அடர் சாம்பல் அல்லது கருஞ்சிவப்பு. வெள்ளைக் கூரை படத்தின் ஒளியைத் திருப்பித் திரைக்கே அனுப்பிக் கறுப்பைக் கெடுக்கும்.

படம் வரும் வழி, அளவு வைத்தல்

மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸிலும் புரொஜெக்டரிலும் ஓடிடி ஆப் திறக்கும், படம் மட்டும் மங்கலாக இருக்கும். காரணம் வைட்வைன் எல்1 என்ற நகல் தடுப்பு அனுமதி இல்லாதது. அது இல்லாத கருவிக்கு ஓடிடிகள் பெரும்பாலும் 480 வரித் தரத்தில்தான் அனுப்பும். பிரபலமான ஸ்டிக் ஒன்றைத் தனியே வாங்கிச் செருகுவதே தீர்வு. 4கேக்கு நிலையான 25 எம்பிபிஎஸ் போதும்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி போக, டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய துளையிலேயே கேபிள் செருக வேண்டும். மற்றத் துளையில் செருகினால் ஒலி வராது. டிவி அமைப்பில் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருந்தால் அட்மாஸ் போய்விடும், பாஸ்த்ரூ என்று மாற்றுங்கள். கடையில் போட்ட விவிட் மோடை எடுத்துவிட்டு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட். அசைவை வழுக்கும் மோஷன் வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் எந்தப் படமும் மெகாசீரியல் போலவே இருக்கும்.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அளக்கும்போது:

1. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்துங்கள். ஃபேன் காற்று மைக்கில் பட்டால் சப் ஊஃபரின் அளவு தப்பும்.
2. மைக்கைக் கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் வையுங்கள். சோபா முதுகில் சாய்த்து வைக்காதீர்கள்.
3. சப் ஊஃபரின் வால்யூம் பாதியில், அதன் கிராஸ்ஓவர் திருகு (எந்தச் சுரத்துக்குக் கீழே சப் ஊஃபர் பாட வேண்டும் என்ற எல்லை) உச்சத்தில்.
4. அளந்து முடிந்ததும் எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்" ஆக்கி, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். ரிசீவர் தானாக "லார்ஜ்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்.
5. ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் துருவம் மாறியிருக்கிறது என்று எச்சரித்தால் அந்த வயரின் சிவப்பு, கறுப்பு முனைகளைப் பாருங்கள். சரியாக இருந்தும் எச்சரித்தால் விட்டுவிடலாம். அருகிலுள்ள சுவரின் எதிரொலி அப்படிக் குழப்பும்.

கடலோர ஊர்களில் மூன்றாவது வருடத்தில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் உப்புக்காற்றாலும் ஈரத்தாலும் வருபவை. ஸ்பீக்கர் வயரின் வெறும் முனை பச்சை பூத்திருந்தால் அந்த ஒரு அங்குலத்தை வெட்டிவிட்டு, புது முனைக்கு பனானா பிளக் போடுங்கள். பயன்படுத்தாத புரொஜெக்டரின் லென்ஸில் பூஞ்சை ஓடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டு, பின் மூடி போட்டு, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டுங்கள். தூசி அடைத்தால் உள்ளே சூடேறும்.